பொத்திக்கு நூல் வரும் நாட்கள்: சோளனும் வறட்சியும்

வாசகர் கேள்விகள்

இம்முறை சோளனைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறோம். நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் சோளன் என்றால் மக்காச்சோளம். தமிழ்நாட்டில் சோளம் என்று சொல்லும் தானியம் நமக்கு இறுங்கு. மாட்டுத் தீவனம் பற்றிய பதிலில் இந்த வேறுபாடு முக்கியமாக வரும் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

கேள்வி: சோளன் போட்டு 28 நாள். 11 நாளாக மழை இல்லை. மத்தியானத்தில் இலையெல்லாம் வெங்காயத் தாள் மாதிரிச் சுருண்டு நிற்கிறது. பக்கத்து வளவுக்காரர், "இனி இது தேறாது, உழுதுவிட்டுப் பயறு போடு" என்கிறார். உழுவதா, விடுவதா? (கரடியனாறு)

பதில்: உழ வேண்டாம். இலை சுருள்வது செடி தன் நீரைக் காத்துக்கொள்ளும் வழி. வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மத்தியானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காலை 7 மணிக்குப் போய்ப் பாருங்கள். இரவோடு இலை விரிந்து தட்டையாக நின்றால் வேருக்கு இன்னும் ஈரம் எட்டுகிறது என்று அர்த்தம். விடியும்போதே சுருண்டு நின்றால்தான் செடி உண்மையில் தவிக்கிறது. அப்படி நான்கைந்து நாள் தொடர்ந்தால் நீர் கொடுக்க வழி தேட வேண்டும்.

சோளன் சின்ன வயதில் வறட்சியைத் தாங்கும் பயிர். முதல் மூன்று வாரமும் அதன் வளர்முனை மண்ணுக்குள்ளேயே இருக்கும். மேலே இலை கருகினாலும் மழை விழுந்ததும் குருத்து வந்துவிடும். மண் கொஞ்சம் காய்ந்தால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். அது பிற்பாடு உதவும். ஆனால் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஒரு பொத்தியில், அதாவது சோளன் கதிரில், எத்தனை வரி மணி என்பது செடிக்கு ஏழெட்டு இலை வரும் கட்டத்தில், அதாவது உங்கள் பயிர் இப்போது நிற்கும் வயதில்தான் முடிவாகிறது. (எண்ணிப் பாருங்கள், 12, 14, 16 என்று அது எப்போதும் இரட்டை எண்ணாகவே இருக்கும்.) ஒரு வரியில் எத்தனை மணி என்பது அதன் பிறகு, பூ வருவதற்குச் சற்று முன்பு வரை முடிவாகிறது. ஆகவே இப்போது நீண்ட வறட்சி வந்தால் பொத்தி சிறுக்கும், ஆனால் பயிர் அழியாது.

இப்போது கையிலிருக்கும் வேலை களை எடுப்பது. விதைத்த முதல் ஐந்தாறு வாரம் களை நின்றால் வறட்சி இரட்டிப்பாகும். களையை வேரோடு ஆழமாகக் கொத்தாமல் மேல் மண்ணை மட்டும் சுரண்டி எடுங்கள். ஆழமாகக் கொத்தினால் கீழிருக்கும் ஈரமண் மேலே வந்து காய்ந்துவிடும். எடுத்த களையையும் கிடைக்கிற வைக்கலையும் வரிகளுக்கு நடுவே நான்கு விரல் தடிப்புக்குப் பரப்பிவிடுங்கள்.

கேள்வி: செடி ஆளுயரம் வளர்ந்து பச்சையாகத்தான் நின்றது. பூ வந்த நேரத்தில் இரண்டு கிழமை மழை இல்லை. இப்போது பொத்தியை உரித்தால் பல் விழுந்த வாய் போல அங்கொன்று இங்கொன்றாக மணி. சில பொத்தியில் அடியில் மட்டும் மணி, நுனி மொட்டை. விதை பழுதா? (புல்லுமலை)

பதில்: விதையில் பழுது இல்லை. சோளனுக்கு வறட்சி வரக்கூடாத இரண்டு கிழமையில் வந்திருக்கிறது. பலர் இதை விதைக் கடையோடு சண்டை பிடித்தே கழித்துவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

உச்சியில் வருவது ஆண்பூ. பொத்தியின் நுனியில் தொங்கும் நூல்கள் பெண்பூவின் பகுதி. ஒரு நூலுக்கு ஒரு மணி. மகரந்தம் விழாத நூல் ஒவ்வொன்றும் ஒரு வெற்றிடம். நூல் என்பது ஏறக்குறைய முழுக்க நீரால் ஆன பொருள். நல்ல ஈரத்தில் ஒரு நாளைக்கு ஓர் அங்குலத்துக்கும் மேல் நீளும். நீர் குறைந்தால் செடி முதலில் நிறுத்துவது இந்த நூலின் வளர்ச்சியைத்தான். ஆண்பூ அப்படிக் காத்திருப்பதில்லை. அது தன் நேரத்துக்கு விரிந்து, காலையில் வெயில் ஏறும் வேளையில் மகரந்தத்தை உதிர்க்கும். ஒரு செடி உதிர்ப்பது ஐந்து முதல் எட்டு நாள் வரைதான். நல்ல காலத்தில் மகரந்தமும் நூலும் இரண்டு மூன்று நாள் இடைவெளிக்குள் வந்துவிடும். வறட்சியில் நூல் ஒரு கிழமை பிந்தினால், அது வெளியே வரும்போது சோளன் காட்டில் மகரந்தம் முடிந்திருக்கும். வெப்பம் 35 பாகைக்கு மேலே போனால் இருக்கிற மகரந்தமும் வலுவிழக்கும், நூலும் வாடி அதை ஏற்காது.

பொத்தியின் அடியிலிருந்து வரும் நூல் முதலில் வெளிவரும், நுனி நூல் கடைசியில். அடியில் மட்டும் மணி இருப்பது இதனால்தான். உங்களுக்கு எது நடந்தது என்பதை மொட்டை இடத்தை உற்றுப் பார்த்தே சொல்லலாம். அங்கே மணியே உருவாகாமல் வெள்ளையாகத் தட்டையாக இருந்தால் மகரந்தம் கிடைக்கவில்லை. சின்னச் சின்னதாக மணி உருவாகி மஞ்சளாகச் சூம்பியிருந்தால் மகரந்தம் கிடைத்தும் பின்னர் ஊட்டம் போதாமல் செடியே அதைக் கைவிட்டிருக்கிறது. நூல் வந்து இரண்டு மூன்று கிழமை வரை, மணி பால் பிடிக்கும் வரை, இந்தக் கைவிடல் நடக்கும். ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் மொட்டையாக இருந்தால், நீண்டு தொங்கிய நூல் அடிப்பக்க நூலை மூடியிருக்கலாம். நூல் கத்தரித்தது போலக் குட்டையாக இருந்தால் புழுவையும் வண்டையும் தேடுங்கள்.

அடுத்த போகத்தில் அறுவடை வரை காத்திருக்காமல் முன்னமே அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நூல் வந்து ஏழெட்டு நாளில் காட்டின் வெவ்வேறு இடங்களில் பத்துப் பொத்தியை முறியுங்கள். மடலைக் கத்தியால் நீளமாகக் கீறி, நூல் அறாமல் மெதுவாக விரித்தெடுங்கள். பொத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். மகரந்தம் சேர்ந்த மணியின் நூல் தானாகக் கழன்று விழும்; சேராததன் நூல் ஒட்டிக்கொண்டே இருக்கும். பாதிக்கு மேல் ஒட்டி நின்றால் அந்தக் காட்டுக்கு இனி உரமும் நீரும் செலவழிப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

நூல் வரும் கிழமையில் நாள் முழுதும் இலை சுருண்டு நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சலில் 3 முதல் 8 சதவீதம் வரை போகலாம். இளம் பயிருக்கு அதே நாள் 1 முதல் 3 சதவீதம்தான். செடி பச்சையாக நின்றதைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

வீட்டுத் தோட்டத்தில் நூறு இருநூறு செடி வைத்திருப்பவர்கள் கையாலேயே மகரந்தம் போடலாம். காலை 9 மணியளவில் பிந்தி வந்த ஆண்பூக்களைக் காகிதப் பைக்குள் உதறி, அந்த மஞ்சள் தூளை உடனே நூல்களின் மேல் தூவுங்கள். எடுத்து வைத்துப் பின்னேரம் போடுவதில் பயனில்லை. அது அவ்வளவு நேரம் உயிரோடு இருக்காது. பெரிய காட்டுக்காரர்கள் பத்தில் ஒரு பங்கு வரிகளை ஒரு கிழமை தள்ளி விதைத்தால், பிந்தி வரும் நூலுக்கு மகரந்தம் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: விவசாயக் கிணறு உண்டு. ஆனால் ஓர் ஏக்கருக்கு மூன்று தடவைக்கு மேல் இறைக்க நீர் காணாது. எப்போது இறைப்பது, எவ்வளவு இறைப்பது? (வெல்லாவெளி)

பதில்: 110 நாள் இனம் என்றால் 50 நாளை ஒட்டி ஆண்பூ தெரியும். முதல் இறைப்பை அதற்கு ஒரு கிழமை முன்பும், இரண்டாவதை நூல் வெளிவரும்போதும், மூன்றாவதை அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு நாளிலும் வையுங்கள். அதற்கு முன் இலை சுருளுவதைப் பார்த்து மனம் பதறினாலும் நீரைச் செலவழிக்காதீர்கள்.

அளவு. ஓர் ஏக்கருக்கு 25 மில்லிமீற்றர் நீர் என்றால் சுமார் 1,00,000 லீற்றர். பூக்கும் காலத்தில் வெயில் நாளில் சோளன் 6 முதல் 8 மில்லிமீற்றர் வரை குடிக்கும். அப்படியானால் 25 மில்லிமீற்றர் நான்கு நாளுக்குத்தான் காணும். செம்மண் கலந்த இறுக்கமான நிலத்தில் 40 மில்லிமீற்றர் கொடுத்தால் ஆறு நாள் தாங்கும். உங்கள் பம்ப் எவ்வளவு இறைக்கிறது என்பதைப் பெட்டியில் எழுதியிருப்பதை வைத்துக் கணக்கிடாதீர்கள். 200 லீற்றர் பீப்பா ஒன்றை வாய்க்கால் முனையில் வைத்து நிறையும் நேரத்தைப் பாருங்கள். 40 செக்கனில் நிறைந்தால் நிமிடத்துக்கு 300 லீற்றர், மணிக்கு 18,000. ஆக 1,00,000 லீற்றருக்கு ஐந்தரை மணி நேரம் வேண்டும்.

நீர் அவ்வளவு இல்லையென்றால் ஒன்று விட்டு ஒரு சாலில் பாய்ச்சுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் ஈரம் கிடைக்கும், நீர் பாதியளவில் மிஞ்சும். அடுத்த முறை மற்றச் சாலில் பாய்ச்சுங்கள். அதற்கும் காணாவிட்டால் எங்கள் உறுதியான கருத்து: ஓர் ஏக்கருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை விட்டு, நல்ல அரை ஏக்கரைத் தெரிவுசெய்து அதற்கு நிறையக் கொடுங்கள். மேல் மண்ணில் இரண்டு அங்குலம் நனைந்த நீர் வேருக்குப் போகாமல் வெயிலோடு போய்விடும். நீர் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க, மறுநாள் மூன்றடி இரும்புக் கம்பி ஒன்றை மண்ணில் அழுத்துங்கள். ஈரமண் வரை இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். ஒன்றரை அடி இறங்கினால் போதும்.

இறைப்பது பின்னேரமோ விடியற்காலையோ. கிணற்றின் நீர்மட்டம் பம்பிலிருந்து 20 அடிக்குக் கீழே போனால் சாதாரண உறிஞ்சு பம்ப் திணறும். பம்பைக் கிணற்றுக்குள் ஒரு படி இறக்கி வையுங்கள். காற்றோட்டமில்லாத ஆழத்துக்குள் எண்ணெய் எஞ்சினை இறக்க வேண்டாம். அதன் புகை உள்ளே இறங்கும் ஆளைக் கொன்றுவிடும்.

கேள்வி: களப்புக்கு அருகே மணல் காணி. துரவு நீர்தான். கோடையில் இலை ஓரம் கருகுகிறது, நீர் விட்டும் தேறவில்லை. (களுவாஞ்சிக்குடி)

பதில்: நீரே காரணமாக இருக்கலாம். சோளன் உப்புக்கு இலேசாகக் கலங்கும் பயிர். பாசன நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.1 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும், 3.9 அளவில் பாதி போய்விடும். நாக்கில் உப்புக் கரிப்பது தெரியும் முன்னரே பயிருக்கு அது தெரிந்துவிடும். ஆகவே நீரை அளந்து பாருங்கள். பத்து நிமிடம் இறைத்த பிறகு சுத்தமான போத்தலில் பிடித்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் எங்கே சோதிப்பது என்று கேளுங்கள். மார்கழியில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை சோதித்தால்தான் உண்மை தெரியும்.

களப்போரத்து மணலில் நல்ல நீர் உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. பெரிய பம்பால் வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு நீர் ஏறிவரும். சின்னப் பம்பால் கொஞ்ச நேரம் இறைத்து, ஊறவிட்டு மறுபடி இறைப்பது நல்லது. மணலில் ஒரு தடவைக்கு 20 மில்லிமீற்றருக்கு மேல் விட்டால் வேரைத் தாண்டி ஓடிவிடும். மூன்று நாளைக்கு ஒரு தடவை கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். கரிக்கும் நீரை வெயிலில் இலைமேல் தெளிக்காதீர்கள். நீரின் மின்கடத்துதிறன் 2.5 ஐத் தாண்டினால் அந்தக் காணியில் கோடைச் சோளனைக் கைவிட்டுக் கௌபி போடுவதே மேல். கௌபி 3.3 வரை இழப்பின்றித் தாங்கும்.

கேள்வி: சிறுபோகத்தில் நீர் இருந்தும் சோளன் பொய்க்கிறது. பெரும்போகத்திலும் தை மாசத்தில் மழை நின்று கெடுக்கிறது. எந்த நாளில் விதைப்பது? (திருக்கோவில்)

பதில்: விதைக்கும் நாளிலிருந்து முன்னே எண்ணாமல், நூல் வரும் நாளிலிருந்து பின்னே எண்ணுங்கள். விதைத்து 52 முதல் 58 நாளில் நூல் வரும். அந்த நாட்கள் எங்கே விழுகின்றன என்பதுதான் கேள்வி.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விழுகிறது. ஒக்டோபர் நடுவில் விதைத்தால் டிசம்பர் முதல் பாதியில் நூல் வரும், ஜனவரியில் மணி முற்றும். நவம்பர் கடைசியில் விதைத்தால் ஜனவரி கடைசியில் நூல். மணி முற்ற வேண்டிய பெப்ரவரியில் நிலம் காய்ந்திருக்கும். தை மாசம் கெடுக்கிறது என்று நீங்கள் சொல்வது விதைப்புப் பிந்தியதன் கணக்கு. ஆனால் முந்துவதிலும் ஓர் ஆபத்து உண்டு. முதல் மழையை நம்பிப் போட்டுப் பத்து நாள் காய்ந்தால் முளை கருகும். ஒரு சாண் ஆழத்துக்கு மண் நனைந்திருக்கிறதா என்று தோண்டிப் பார்த்த பிறகே விதையுங்கள். விதை ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குல ஆழத்தில் ஈரமண்ணைத் தொட வேண்டும். முளைக்காத இடத்தில் மறுவிதை போடுவதென்றால் பத்து நாளுக்குள் போடுங்கள். பிந்திப் போட்டது நிழலில் வளர்ந்து பொத்தி இல்லாமலே நிற்கும். டிசம்பர் மழையில் நீர் தேங்கும் பள்ளத்தை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் நின்ற நீர் சோளன் வேரை அழுகச் செய்யும்.

சிறுபோகத்தில் எதிரி கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் இறங்கும்போது சூடேறி வறண்டு வருகிறது. ஜூன், ஜூலையில் அது வீசும் நாட்களில் மண்ணில் ஈரம் இருந்தும் வேர் கொடுப்பதைவிட வேகமாக இலையும் நூலும் நீரை இழக்கும். ஏப்ரல் கடைசியில் விதைத்தால் நூல் ஜூன் கடைசியில் வந்து இந்தக் காற்றின் வாயில் நேரே விழும். உறுதியான நீர் உள்ளவர்கள் மார்ச் கடைசிக்குள் விதைத்தால் நூல் மே கடைசிக்குள் வந்துவிடும். மேற்குப் பக்கத்தில் கிளிசிறிடியா வேலி அடர்த்தியாக இருந்தால், அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகம் தணியும். உறுதியான நீர் இல்லாதவர்கள் சிறுபோகத்தில் 65 நாள் பயறோ எள்ளோ போடுவதுதான் நல்லது.

கேள்வி: எல்நினோ என்கிறார்கள். இந்தப் பெரும்போகம் வறட்சிதானா? (சம்மாந்துறை)

பதில்: எல்நினோ (பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) என்றதும் நமக்கும் வறட்சி என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் எல்நினோ ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெரும்பாலும் கூடவும், ஜனவரிக்குப் பிறகு குறையவும் போக்கு உண்டு. 2016 கடைசியில் மாரி மழை பொய்த்து 2017 வரை நீண்ட கடும் வறட்சியை அனுபவித்தோம். அது எல்நினோ முடிந்த பிறகு வந்தது. எல்நினோ ஆண்டில் உங்களுக்கான பாடம் முந்தி விதைப்பது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மாதாந்த எதிர்வுகூறலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: யூரியா இரண்டாம் தடவை போட வேண்டிய நாள் கடந்துவிட்டது. நிலம் காய்ந்து கிடக்கிறது. கீழ் இலை மஞ்சளாகிறது. போடலாமா? (நாவிதன்வெளி)

பதில்: காய்ந்த நிலத்தின் மேல் வீசாதீர்கள். பனியில் கரைந்து, வெயிலில் அமோனியாவாகக் காற்றோடு போய்விடும். ஒரு நல்ல மழைக்குக் காத்திருந்து, செடியிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கோடு கீறி இட்டு மண்ணால் மூடுங்கள். ஆண்பூ வெளிவரும் வரை போட்டால் பயன் உண்டு. நூல் காய்ந்த பிறகு போடுவது காசை மண்ணில் கொட்டுவது. செடி ஏற்கெனவே சிறுத்திருந்தால் மிச்ச யூரியாவில் பாதி போதும்.

மஞ்சள் எல்லாம் ஒன்றல்ல. கீழ் இலையின் நுனியில் தொடங்கி நடு நரம்பு வழியே உள்நோக்கி ஆப்புப் போல மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. ஓரம் மட்டும் கருகி நடு நரம்பு பச்சையாக நின்றால் சாம்பல்சத்துக் குறைவு. வறண்ட மண்ணில் வேர் அதை எடுக்க முடியாததாலும் இது வரும். மேல் இலை நுனி வெளிறிக் காய்ந்தால் வெயிலும் காற்றும். இலைமேல் யூரியாக் கரைசல் தெளிக்கச் சொல்வார்கள்: 16 லீற்றர் தாங்கிக்கு 160 கிராம், பின்னேரத்தில். தவறில்லை. ஆனால் ஏக்கருக்கு 200 லீற்றர் தெளித்தாலும் போய்ச் சேர்வது 2 கிலோ யூரியாதான். அதை மண்ணுக்கு இடும் உரத்துக்கு ஈடாக நினைக்காதீர்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் சேனாப் புழு கூடுகிறதே? (பொத்துவில்)

பதில்: ஆம். இந்தப் படைப்புழு 2018 இல் இலங்கைக்கு வந்து, அந்தப் பெரும்போகத்தில் அம்பாறையும் கடுமையாக அடிபட்டது. கனமழை குருத்துக்குள் இருக்கும் சின்னப் புழுக்களை நீரில் மூழ்கடித்துக் கழுவிவிடும். மழை இல்லாதபோது அந்த உதவி இல்லை. வாடிய செடியும் தின்ற இலைக்குப் பதில் இலை விட முடியாமல் நிற்கும். முளைத்த இரண்டாம் கிழமையிலிருந்து கிழமைக்கு இரண்டு தடவை, காட்டில் ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாகப் பாருங்கள். தலையில் தலைகீழ் Y வடிவக் கோடும் வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளியும் இருந்தால் அதுதான். பஞ்சு படிந்த முட்டைக் குவியலை நசுக்கிவிடுங்கள். நூறு செடியில் இருபதில் புதிய தாக்கம் தெரிந்தால் விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யும் மருந்தைப் பின்னேரத்தில் நேரே குருத்துக்குள் அடியுங்கள். புழு பெருத்து எச்சத்தால் குருத்தை அடைத்துக்கொண்ட பிறகு மருந்து உள்ளே போகாது.

கேள்வி: மூன்று ஏக்கரும் பொய்த்துவிட்டது. மாடும் பட்டினி. செடியை வெட்டிப் போடலாமா, அல்லது மாட்டை உள்ளே விடலாமா? (கிரான்)

பதில்: மாட்டை உள்ளே விடாதீர்கள். இதை மிகுந்த கவலையோடு சொல்கிறோம், காரணம் ஒரே நாளில் பல மாடுகள் சாகக்கூடிய விஷயம் இது. வேர் எடுக்கும் நைத்திரேற்றைச் செடி வளர்ச்சிக்குப் பயன்படுத்துகிறது. வறட்சியில் வளர்ச்சி நின்றுவிட, அது தண்டில் சேர்ந்து கிடக்கும். உரம் போட்ட காட்டில் இன்னும் கூடும். மாட்டின் வயிற்றில் அது நைத்திரைற்றாகி இரத்தத்தில் கலந்தால், இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். மூச்சு வேகமாகும், தள்ளாடும், வாயும் கண்ணிமை உள்ளும் நீலம் கலந்த பழுப்பாகும், இரத்தம் சொக்கலேற் நிறமாகும். உடனே கால்நடை வைத்தியரை அழைத்தால் மெதிலீன் நீல ஊசியால் காப்பாற்ற முடியும். தப்பிய சினைமாடு கன்றை வீசிவிடவும் கூடும்.

இந்த நஞ்சு அதிகம் சேர்வது தண்டின் அடியில். இலையிலும் பொத்தியிலும் குறைவு. ஆகவே நிலத்திலிருந்து ஓர் அடி விட்டு மேலே வெட்டுங்கள். வறட்சிக்குப் பின் மழை விழுந்தால் மகிழ்ந்து உடனே வெட்டக்கூடாது. மழை விழுந்த முதல் நாட்களில் வேர் ஒரேயடியாக உறிஞ்சும். குறைந்தது ஏழு நாள் பொறுங்கள். பசியோடு இருக்கும் மாட்டுக்கு முதலில் வைக்கல் கொடுத்து, பிறகு நாள் தீவனத்தில் கால் பங்கு மட்டும் சோளன் கலந்து, ஒரு கிழமையில் மெல்லக் கூட்டுங்கள். வெயிலில் காயவைத்தால் நஞ்சு போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. காய்ந்த தாளிலும் நைத்திரேற் அப்படியே இருக்கும்.

சைலேஜ் என்கிற ஊறு தீவனமாக்கினால் அது 30 முதல் 60 சதவீதம் வரை குறையும். அரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள்: நீர் சொட்டாமல், உருண்டை மெல்ல விரிந்தால் ஈரம் சரி. சொட்டினால் அரை நாள் வாடவிடுங்கள். நீலப் பீப்பாவில் அரை அடி அரை அடியாகப் போட்டு ஏறி மிதித்து, காற்றுப் போகாமல் பொலித்தீன் வைத்து மூடுங்கள். 200 லீற்றர் பீப்பாவில் சுமார் 120 கிலோ அடங்கும். சோளன் தண்டில் இனிப்பு இருப்பதால் கருப்பட்டிப் பாகு கலக்கத் தேவையில்லை. நான்கு கிழமைக்குப் பிறகு திறவுங்கள். குழியில் போடுபவர்கள் கவனிக்க: முதல் மூன்று கிழமையில் மஞ்சள் கலந்த செம்பழுப்பு வாயு வரலாம். அது காற்றைவிடப் பாரம், குழிக்குள் தங்கும், நுரையீரலைக் கெடுக்கும். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். மருந்தடித்த காடு என்றால் சிட்டையில் உள்ள காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகே வெட்ட வேண்டும்.

முதலில் சொன்ன வேறுபாடு இங்கேதான் வருகிறது. இறுங்குக்கு நைத்திரேற்றோடு இன்னொரு நஞ்சும் உண்டு: வறட்சியில் வாடிய இளம் இறுங்கிலும், வெட்டிய பின் துளிர்த்ததிலும் சயனைட்டு அமிலம் உருவாகும். அதை இரண்டடிக்கு மேல் வளராமல் மாட்டுக்குக் காட்டவே கூடாது.

கேள்வி: பாதிதான் விளைந்திருக்கிறது. முறிக்கும் கூலிக்குக் காணுமா, இல்லையா என்று முன்கூட்டியே எப்படிக் கணக்கிடுவது? காப்புறுதி கேட்கலாமா? (ஆலையடிவேம்பு)

பதில்: வரிக்கு வரி 60 சென்ரிமீற்றர் என்றால், ஒரு வரியில் 22 அடி 2 அங்குல நீளம் ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நீளத்தில் மணி பிடித்த பொத்திகளை எண்ணுங்கள். ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது பொத்தியை உரித்து மணிகளை எண்ணிச் சராசரி எடுங்கள். நல்ல பொத்தியாகத் தேடி எடுத்தால் உங்களை நீங்களே ஏமாற்றுவீர்கள். 16 பொத்தி, பொத்திக்கு 180 மணி என்று வைத்தால் 2,880 மணி. வறட்சியில் ஒரு மணி சுமார் கால் கிராம். ஆக 720 கிராம். ஆயிரத்தால் பெருக்கினால் ஏக்கருக்கு 720 கிலோ. மணி சூம்பியிருந்தால் கால் கிராமுக்குப் பதிலாக 0.2 வைத்துக்கொள்ளுங்கள். ஆறேழு இடத்தில் இப்படிப் பார்த்தால் கூலிக் கணக்குப் போடலாம். பால் பதத்தில் நல்ல பொத்தி கொஞ்சம் இருந்தால், நூல் வந்து 20 நாள் அளவில் அவித்து விற்க முறித்துவிடுவது பல நேரம் காய்ந்த மணியைவிட இலாபம்.

விவசாய, கமநலக் காப்புறுதிச் சபையின் திட்டத்தில் சோளனும் அடங்கும். செடியை வெட்டுவதற்கும் உழுவதற்கும் முன்பே கமநல சேவை நிலையத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். வெறும் நிலத்தைக் காட்டி இழப்பை நிரூபிக்க முடியாது. விதைத்த திகதி, காணிப் பதிவு, விதை, உரப் பற்றுச்சீட்டு, திகதியோடு எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒன்றாக வையுங்கள். அதிகாரி வரப் பிந்தினால் நான்கு மூலையிலும் நடுவிலும் சில வரிகளை விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டலாமா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: மிஞ்சிய பொத்தியில் மஞ்சள் பச்சையாகத் தூள் படிந்திருக்கிறது. மனிதர் உண்ணாவிட்டாலும் கோழிக்குப் போடலாமா? (வவுணதீவு)

பதில்: கூடாது. மணி முற்றும்போது வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் வருகிற பூஞ்சணம் அது; அஃப்லாரொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலைக் கெடுக்கும், கோழிக்கும் தாராவுக்கும் கொடியது. பால்மாட்டுக்குப் போட்டால் பாலில் இறங்கும். அவித்தாலும் வறுத்தாலும் முழுவதும் போகாது. தூள் படிந்த பொத்திகளைக் காட்டிலேயே பிரித்து, வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு புதைத்துவிடுங்கள். புழு துளைத்ததையும் வெடித்த மணியையும் அதோடு ஒதுக்குங்கள்.

நல்லதாகத் தெரிவதையும் நன்றாகக் காயவைக்காமல் கட்டாதீர்கள். மணியின் அடிமுனையைச் சுரண்டினால் கறுப்புப் படலம் தெரிய வேண்டும். அதுதான் முற்றியதன் அடையாளம். அப்போதும் மணியில் மூன்றில் ஒரு பங்கு ஈரம் இருக்கும். தறப்பாளில் பரப்பி 13 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள்; வெறும் நிலத்தில் போடாதீர்கள். மானி இல்லாவிட்டால் நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மணியும் இரண்டு மூன்று கரண்டி காய்ந்த உப்பும் போட்டு ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் வையுங்கள். உப்பு போத்தலின் உட்பக்கத்தில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும். ஒட்டாமல் கீழே விழுந்தாலும் இன்னும் அரை நாள் காயவிட்டு, ஆறிய பிறகு சாக்கில் கட்டி, பலகை போட்டு அதன் மேல் அடுக்குங்கள்.